கிழங்கு வடித்தவள் நான்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்தில் ஒரு பேச்சு வந்தது. பிள்ளைகளை எந்த வயதில் வீட்டில் தனியாக விடலாம், ஆள் வைப்பதானால் எப்படிப்பட்ட ஆளை வைக்கலாம் என்று வேலைக்குப் போகிற இளம் பெண்கள் கேட்டார்கள். ஒருத்தி பன்னிரண்டு வயது என்றாள். ஒருத்தி, வீட்டுக்குள் கேமரா வைத்துவிட்டால் எந்த வயதும் சரி என்றாள். பின்வரிசையில் இருந்த என் வயதுக்காரிகள் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் எனக்குப் பேச வராது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் சொல்ல வேண்டியது ஞாபகம் வரும். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு படித்தவளின் எழுத்து. பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்தில் வயதை யார் பார்த்தார்கள்? பானையைத்தான் பார்த்தார்கள். மரச்சீனிக் கிழங்கு வெந்த பானையை ஒரு பெண்பிள்ளை தனியாக இறக்க வேண்டும். வாயில் வடிபலகையை வைத்து, பழந்துணியால் பிடித்து, குந்தி உட்கார்ந்து சாய்க்க வேண்டும். கைப்புத் தண்ணீர் சொட்டு விடாமல் போக வேண்டும். கிழங்கு ஒரு துண்டும் போகக் கூடாது. அந்தத் தண்ணீர் பானையில் தங்கினால் சின்னப் பிள்ளைக்கு வாந்தி வரும், மயக்கம் வரும். காலில் விழுந்தால் தோல் உரியும். ரெண்டும் இல்லாமல் வடிக்கிறவளுக்குத் தீயும் தெரியும், கிணறும் தெரியும், கதவும் தெரியும் என்று வைத்துக்கொள்வார்கள். அவளிடம் வீட்டை விட்டுவிட்டு அம்மைமார் வேலைக்குப் போவார்கள். உங்களில் பாதிப்பேர் அப்படித்தான் வீட்டுக்காரி ஆனீர்கள்.

எனக்கு ஒன்பது வயதில் வடிக்கத் தெரியும். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு வருவதற்கெல்லாம் இது வேண்டும்.

அப்போது சமரம் நடந்துகொண்டிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்கிற சமரம். சமரம் என்பது போராட்டத்துக்கு மலையாளத்துச் சொல். தமிழுக்காக நடந்ததையும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

அப்பன் தலைவர் இல்லை. மாட்டுவண்டிக்காரர். பாறசாலை ஸ்டேஷனிலிருந்து சாமான் ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுபோவார். ஒருநாள் கொடி பிடித்த ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். போலீஸ் மறித்தது. வண்டி பிடிபட்டது. மாடும் பிடிபட்டது. அப்பன் பிடிபடவில்லை.

கிழக்கே மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மை ஊரில் சொன்னாள். எங்கும் போகவில்லை. எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்து மூலையில் ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. சவப்பெட்டியைச் சுமந்துவரும் மரக்கட்டில் அதில் கிடக்கும். அடக்கம் இருந்தால் ஒழிய யாரும் அங்கே காலெடுத்து வைக்கமாட்டார்கள். அப்பன் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டார். அம்மைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்தப் பருவத்தில் ஊரில் யாரும் சாகக் கூடாது என்று நான் தினம் ஜெபம் பண்ணினேன். யாரும் சாகவும் இல்லை.

வண்டி போனதும் அம்மை மரச்சீனி சுமக்க ஆரம்பித்தாள். வீட்டைச் சுற்றிய விளையில் பிடுங்கி, ஓலைக் கடவத்தில் அடுக்கி, தலையில் வைத்துப் பாறசாலைக்கு நடந்துபோய் விற்பாள். தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அவனைக் கூட்டிப்போக முடியாது. அப்பனைக் கண்டால் ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவான். அவனை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

நான் இருக்கிறேன் என்றேன். அம்மை காதில் வாங்கவில்லை.

அப்பனின் அக்கா, எங்கள் மாமி, பக்கத்து விளையில் இருந்தாள். அவளே வந்து கேட்டாள்.

"கொச்சன நான் பாக்கமாட்டேனா? என்னத்துக்கு ஊரெல்லாம் ஆள் தேடுத?"

"நீங்க பாப்பியதான் மைனி. உங்களுக்குக் காலு வலியில்லா."

"காலுக்கும் பிள்ளைக்கும் என்ன?"

"அவன் ஓடுவான் மைனி."

மாமி போனதும் அம்மை என்னிடம் சொன்னாள். "இவளுக்க வாயில வெத்தல நிக்கும். பேச்சு நிக்காது கேட்டியா."

அடுத்து உபதேசியார் மனைவி பேர் வந்தது. அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுக்கும்போதே தூங்கிவிடுவார். பிள்ளைகள் கிணற்றடியில் நிற்கும். அதுவும் வேண்டாம் என்று ஆயிற்று.

இனி யாரும் இல்லை, நான்தான் என்று இருந்தேன். அன்றைக்கு அம்மை மேலவீட்டுக்குப் போனாள்.

எங்கள் விளைக்கு மேலே, மேட்டில் ஒரு வீடு. அங்கே மலையாளம் பேசுவார்கள். நம்மிடம் தமிழ் பேசுவார்கள். அந்த வீட்டுக்காரருக்கு ரெயிலில் உத்தியோகம். சமரத்தில் அவர்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அவர்களுக்கு ஒரு மகள். என்னைவிட ஒரு வயது மூப்பு, அவ்வளவுதான். பின்னல் இடுப்புவரை தொங்கும். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே காரியத்தை முடித்துக்கொள்வேன்.

அம்மை அவளை அழைத்துவந்தாள். அடுப்பில் கிழங்கு கொதித்தது.

"வடிக்கத் தெரியுமா மக்கா?"

"அறியில்ல மாமி. எங்க வீட்டுல அம்மதான் வடிக்கும். நான் ஒண்ணு நோக்கட்டா?"

அவள் பானையை இறக்கினாள். பலகையை வைத்தாள். சாய்த்த வேகத்தில் பலகை நழுவியது. தண்ணீர் சாணத்தரையில் சிதறியது. அவள் கூவிக்கொண்டு பின்னால் துள்ளினாள். ரெண்டு துண்டு கிழங்கு ஓடி அம்மிக்கடியில் போனது. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அம்மையும் சிரித்தாள்.

அடுத்தநாள் அம்மை சொல்லாமலே நான் வடித்துக் காட்டினேன். சொட்டுச் சிந்தவில்லை. பானையைத் திரும்பக் கவிழ்த்துக்கூடக் காட்டினேன். அம்மை பார்த்தாள். "கொள்ளாம்" என்று மெச்சினாள். பிறகு சொன்னாள்.

"நாளையிலேருந்து மேலவீட்டுப் பிள்ள வந்து இருக்கட்டு. நீ எனக்க கூட வா."

"அவளுக்கு வடிக்கத் தெரியாது."

"நான் வடிச்சு வச்சிட்டுப் போவேன்."

"எனக்குத் தெரியுமே. பின்ன என்னத்துக்கு அவ?"

"வா எண்ணா வா. கேள்வி கேக்காண்டாம்."

அவ்வளவுதான் காரணம். அம்மை அதிகம் பேசமாட்டாள். நான் அவள் மகள்தான்.

மறுநாள் காலையில் மேலவீட்டுப் பெண் வந்தாள். அம்மை தம்பியை அவள் இடுப்பில் வைத்தாள். கதவின் உள்தாழை எப்படிப் போடுவது என்று காட்டினாள். எங்கள் வீட்டுத் தாழ் பலாமரத்தில் செய்தது. சும்மா தள்ளினால் விழாது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். அது எனக்கும் அம்மைக்கும் அப்பனுக்கும் மட்டும் தெரிந்த காரியம். இப்போது அவளுக்கும் தெரிந்தது. நான் வெளியே சின்னக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குப் பிடிக்காது. அந்த வீடு போய்விட்டது. தாழும் போய்விட்டது. சத்தம் போகவில்லை.

கூலி என்று ஒன்றும் இல்லை. மாலையில் போகும்போது அம்மை அவள் கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பாள். முன்பு அந்தத் துண்டு எனக்கு வரும். கருப்பட்டிப் பானை பரணில் இருந்தது. ஒருதரம் நான் ஏறி எடுத்துத் தின்றேன். அம்மை முகத்தைப் பார்த்தாள். "கருப்பட்டி எடுத்தியா?" என்றாள். இல்லை என்றேன். "பொய்யி. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு" என்று தொடையில் ஒரு கிள்ளு. வாயைத் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். எப்படிக் கண்டாள் என்று தெரியவில்லை.

மேலவீட்டுப் பெண் தம்பிக்குத் தலை வாரினாள். வாழைநாரில் வளையம் செய்துபோட்டாள். மேலவீட்டிலிருந்து பழுத்த பேயன்பழம் கொண்டுவந்து ஊட்டினாள். அவன் அவளைச் சேச்சி என்றான். அது அவனுக்கு நன்றாக வந்தது. என்னை அக்கா என்று சொல்லச்சொன்னேன். என்னையும் சேச்சி என்றான். அடித்தேன். அழுதுகொண்டு அவளிடம் போனான். "எந்தினாடி கொச்சன அடிக்க?" என்று கேட்டுவிட்டு அவனைத் தூக்கி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டு முற்றத்தில், என் தம்பியை, என்னிடமிருந்து.

வெளியே என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பாறசாலை போகிற வழியில், கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. அம்மை அங்கே கடவத்தை இறக்கி வைத்து முந்தானையால் கழுத்தைத் துடைப்பாள். நான் ஒதுங்கப் போகிறவள்போல மதில் இடைவெளியில் நுழைவேன். பாவாடைக்குள் வாழை இலைப் பொதி இருக்கும். கிழங்கும், மீன் கறி இருந்தால் அதுவும். கொட்டகைக்குள் ஓலையும் மழையும் பழைய மெழுகும் சேர்ந்த மணம். அப்பன் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தாடி வளர்ந்திருந்தது. பொதியை வாங்குவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி என்ன செய்யான்?"

"இருக்கான்."

"வீட்டுல யாரு அவன்கிட்ட?"

"மேலவீட்டுப் பெண்ணு."

"நல்ல பிள்ள அது" என்றார்.

அவரும் சொல்லிவிட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எதிரில் நிற்கிறவளை என்ன கேட்பது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஒளிந்திருக்கும் அப்பனைப் பார்ப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பெரிதாகப் பட்டது.

இனி சட்டை.

அப்பனுக்கு ரெண்டு சட்டை. ஒன்றை அவர் போட்டிருக்கும்போது மற்றதை நான் இலைக்கும் பாவாடைக்கும் நடுவே சுருட்டிக் கொண்டுவருவேன். அம்மை அதைத் துவைத்து வெளியே போடமாட்டாள். அடுக்களையில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவாள். புகை பிடித்து, மஞ்சளித்து, மீன் சுட்ட மணம் ஏறியிருக்கும். "கருவாடு மாதிரி மணக்கேன்" என்பார் அப்பன். அதை வெயிலில் போடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் தெரியும். மலைத்தோட்டத்தில் இருக்கிறவன் சட்டை எங்கள் வேலியில் எப்படிக் காயும்?

சேச்சிக்கு அது தெரியாது. அம்மை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத பிள்ளையிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது அம்மையின் எண்ணம். அந்த வீட்டில் மலையாளம், ரெயில் உத்தியோகம். போலீஸ் வந்தாலும் அவளிடம் மரியாதையாகப் பேசுவார்கள். அவள் உள்ளதைச் சொல்வாள். உள்ளது ஒன்றும் இல்லை. அப்படி நினைத்திருக்கிறாள்.

ஒருநாள் பாறசாலையிலிருந்து திரும்பினோம். நல்ல வெயில். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. முற்றத்து உரலின் மேல் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து செம்பில் வெள்ளம் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வேலிப்பக்கம் நின்றார். சேச்சி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். உட்கார்ந்திருந்தவர் மடியில் அப்பனின் சட்டை இருந்தது. அவர் நம்ம பக்கத்து ஆள்தான். ரெண்டு பாஷையும் பேசுவார்.

"வாம்மா, சுமடு எறக்கிட்டு வா. இந்த மோளு நல்ல மிடுக்கி. வந்த உடன வெள்ளம் தந்தா."

அம்மை கடவத்தை இறக்கினாள்.

"மாப்பிள எங்க?"

"மலையில வேலைக்குப் போயிருக்கு."

"அங்க வெயிலு கெடையாதோ? சட்டய இங்க கொண்டுவந்து காயப்போடுதாரு."

"அது எனக்க அண்ணனுக்க சட்டையாக்கும்."

அவர் சட்டையை விரித்துப் பிடித்தார். தோளில் ஒரு நீலத்துணி ஒட்டு. நுகத்தடி உரசிக் கிழிந்த இடத்தில் அம்மை வைத்துத் தைத்தது.

"உனக்க அண்ணனும் வண்டி அடிப்பாரோ? இந்த ஒட்ட நான் ஸ்டேஷன் ரோட்டுல எத்தற தடவ பாத்திருக்கேன்."

அவர் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது சேச்சியின் கன்னத்தில் தட்டினார். "மிடுக்கி" என்றார் மறுபடியும்.

அவர்கள் போனதும் சேச்சி அம்மையிடம் வந்தாள். ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் தெரிந்திருக்கும்.

"மாமி, சட்ட அடுப்புக்கு மேல கெடந்து பொகஞ்சுபோச்சு. நான் இன்னொருக்க அலம்பி வெயிலுல போட்டேன். நல்ல வெளுத்து வந்துச்சே. போடாண்டாமா?"

"போடலாம் மக்கா" என்றாள் அம்மை.

உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே கயிறு மட்டும் இருந்தது. நான் வீட்டில் இருந்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மைக்குக் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தநாள் சுமைதாங்கியில் வேட்டி கட்டிய ரெண்டு ஆட்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டை உலர்கிற தூரத்தில்தான் ஆளும் இருப்பான் என்று ஊர்வழிகளில் எல்லாம் போலீஸ் ஆள் போட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும்.

"நிக்காத. அந்தப் பக்கம் பாக்காத" என்றாள் அம்மை.

சுமையை இறக்காமல் நடந்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பாவாடைக்குள் பொதி எனக்குச் சுட்டது. அதற்கு அடுத்தநாளும் அப்படியே. பொதியை ஆற்றங்கரையில் நான்தான் தின்றேன்.

அப்பன் ஓலை இடுக்கு வழியாக எங்களைப் பார்த்திருக்கிறார். நிற்காமல் போகிறார்களே, தம்பிக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தாராம். பசி பெரிதில்லை என்று பிறகு சொன்னார். அதற்கடுத்த விடியலில் வாழைத்தோட்டம் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். போட்டிருந்த சட்டையை அழுக்கு என்று கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். தம்பி முற்றத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தான். அப்பன் அவனைத் தூக்கினார். அவன் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிணற்றடியிலிருந்து போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

அடிக்கவில்லை. அம்மை கும்பிட்டுக்கொண்டு நின்றதாலோ, விடிந்து ஊர் பார்த்ததாலோ. அந்த உரல்மேல் உட்கார்ந்த போலீஸ்காரர் கக்கத்திலிருந்த சட்டையை நீட்டினார்.

"இட்டுட்டு வா ஓய். வெறும் மேலோட வராண்டாம்."

அப்பன் வாங்கிப் போட்டுக்கொண்டார். என் பக்கமாகத்தான் நடந்துபோனார். அன்றைக்கு அந்தச் சட்டையில் புகை மணம் இல்லை. வெயில் மணம் இருந்தது.

மேலவீட்டுச் சேச்சி வழக்கம்போல வேலைக்கு வந்துகொண்டிருந்தவள், வேலிக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்தாள். சட்டையைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. மண்ணில் உட்கார்ந்து அழுது கரைந்தாள். அப்படி ஒரு கரைச்சல் நான் கேட்டதில்லை. அம்மை கண் கலங்காமல் நின்றவள், போய் அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நீ என்ன செய்தே மக்கா? வெயிலுல போட்ட. அவ்வளவுதானே. கரையாத. கரையாத."

பின்னலைத் தடவிக்கொடுத்தாள். நான் ரெண்டு எட்டு தள்ளி நின்றேன். அப்பன் எனக்கு அப்பன். கொண்டுபோனது எங்கள் வீட்டு ஆளை. நான் கரையவில்லை. கரைந்திருந்தால் ஒருவேளை அம்மை என்னையும் சேர்த்துப் பிடித்திருப்பாள். அது அப்போது தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கு மாமி வந்து அம்மையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன் எண்ணு சொன்னேனில்லா? எனக்க தம்பியில்லா போயிட்டான். அந்தக் கொச்சுப் பெண்ணக் கொண்டு வீட்டுல இருத்தினியே. உனக்க மூத்தவ இல்லியா? மலை மாதிரி நிக்காளே."

"எனக்க பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது மைனி" என்றாள் அம்மை. "போலீசு வந்து முகத்தப் பாத்தாப் போதும். எல்லாம் முகத்துல எழுதியிருக்கும். அதுக்காக்கும் கூட்டிட்டு அலஞ்சேன்."

நான் அடுக்களையில் இருந்து கேட்டேன். காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்தால் ஆறும் என்பார்கள். ஆறவில்லை. தெரிந்தவள் காட்டிக்கொடுப்பாள் என்று அம்மை பயந்தாள். தெரியாதவளுக்கு எதை மறைப்பது என்றே தெரியாது என்று நினைக்கவில்லை. அம்மைக்கு அது தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கும் அப்போது முப்பது வயதுகூட இல்லை.

அப்பன் சில மாதத்தில் வந்துவிட்டார். வண்டி வரவில்லை. பிறகு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே எல்லைக் கோடு போட்டார்கள். அப்பன் கேட்ட கோடு எங்கள் வீட்டுக்கு வடக்கே. போட்ட கோடு தெற்கே. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். அப்பன் அதைப் பற்றிப் பேசியதில்லை. தம்பி படித்து, வேலையாகி, இப்போது காட்டாக்கடையில் இருக்கிறான். கிறிஸ்மசுக்கு வந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் ஏறுவது மேலவீட்டுக்குத்தான். அங்கே அப்பம் தின்றுவிட்டு என் வீட்டுக்கு வருவான். பசியில்லை என்பான். அவளும் இன்னும் இருக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அப்பன் போன மறுநாள்.

அம்மை காலையில் கடவத்தை எடுத்தாள். ஆள் போனாலும் கிழங்கு விற்க வேண்டும். என்னைப் பார்த்தாள்.

"இண்ணைக்கு நீ வீட்டுல இரி."

"மேலவீட்டுல இருந்து வரலியா?"

"வேண்டாம். இனி என்னத்த ஒளிக்க?"

அவ்வளவுதான். நான் எத்தனையோ நாள் கேட்டது அப்படித்தான் கிடைத்தது. அம்மை இறங்கிப்போனாள். நான் கதவைச் சாத்தி, தாழைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினேன். விழுந்தது. உள்ளேயிருந்து கேட்டால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

அடுப்பு மூட்டினேன். கிழங்கு போட்டேன். வெந்ததும் இறக்கி வடித்தேன். சொட்டுச் சிந்தவில்லை. பார்க்க யாரும் இல்லை. தம்பிக்கு உப்பும் காந்தாரி மிளகும் தொட்டு உருட்டிக்கொடுத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. கதவிடம் போய் நின்றான். தாழை ஆட்டினான். சேச்சி, சேச்சி என்றான். உச்சிவரை சேச்சி. தொண்டை கட்டினபிறகும் சேச்சி. நான் அக்கா என்று சொல்லிக்கொடுக்கவில்லை அன்றைக்கு. கதவுப்பலகையில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். முகம் உப்பிக் கிடந்தது. தூக்கிப் பாயில் போட்டு, வீட்டைக் கூட்டி, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மை வந்தாள். வீட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், தூங்குகிறவனைப் பார்த்தாள். கொள்ளாம் என்று சொல்வாள் என்று நின்றேன்.

"மேலவீட்டுப் பிள்ள ரெண்டு வேளையா ஒண்ணும் தின்னலியாம். வழியில அவளுக்க அம்ம சொன்னா" என்றாள்.

நான் வடித்த கிழங்கில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். வாங்கிவந்த சாளை மீனைக் கறிவைத்து அதன்மேல் ஊற்றினாள். வாழை இலையால் மூடினாள். பரணிலிருந்து கருப்பட்டியும் ஒரு துண்டு எடுத்து வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடு மக்கா. தின்ன வச்சிட்டு வா."

மேடு ஏறினேன். கிண்ணம் உள்ளங்கையில் சுட்டது. சேச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்ந்து கிடந்தது. கண் ரெண்டும் வீங்கியிருந்தது. கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"கொச்சன் கரஞ்ஞானா?" என்று கேட்டாள். "என்னத் தேடினானா?"

நான் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன். நிமிர்ந்தேன். அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "எனக்க கையால தின்னுட்டு உறங்குதான். உன்னக் கேக்கவே இல்ல."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நம்பினாள். தலையைக் குனிந்து இலையை விலக்கித் தின்ன ஆரம்பித்தாள்.

அம்மைக்கு என்னைத் தெரியவில்லை. என் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.